மிளகுக்கு என்ன சாதி?

நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் முதலில் அதன் பெயரைக் கேட்பதில்லை. "இது என்னா ஜாதிங்க?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. லாப்ரடாரா, பொமரேனியனா, ராஜபாளையமா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு நம் ஊரில் 'ஜாதி நாய்' என்று பெயர். மற்றதெல்லாம் தெரு நாய். ஜாதி நாய்களின் வரிசை ஒன்று இருக்கிறது, அந்த வரிசைக்கே வெளியே ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. இந்த ஏற்பாடு எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதா தோழர்களே?

எங்கள் வீட்டுக்கு வந்தவன் வெளியே நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். விழுப்புரம் மாவட்டத்தில் நாங்கள் மாலைநேரப் பாடம் நடத்தும் காலனி ஒன்றில், சிறுபாலத்தின் அடியில் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் மார்கழி மாதம் ஒரு தாய்நாய் ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு குட்டிகள் பனியில் போயின. ஒன்றின்மேல் மணல் லாரி ஏறியது. மிச்சம் இரண்டு. பொங்கல் முடிந்த வாரம், குழாய்க்கு எதிர்வீட்டு ஆயா ஒரு குட்டியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை எங்கள் வண்டியின் முன்கூடையில் போட்டார். "இத எட்த்துக்கினு போங்க. ரோட்டாண்ட வுட்டா இதுவும் பூடும்" என்றார். உடம்பு முழுக்கக் கறுப்பு, மார்பில் மட்டும் சுண்ணாம்பு தொட்டதுபோல் ஒரு பொட்டு. வயது ஐந்து வாரம் இருக்கும்.

பெயர் வைப்பதில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அம்பேத்கர் ராஜகிரக வீட்டில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட 1934ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. ரமாபாய் இருக்கிறார், மகன் யஷ்வந்த் இருக்கிறார். அவர்களோடு பாபாசாகேப்பின் செல்ல நாய் டோபியும் இருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று. புத்தகமும் கோட்டும் இல்லாத அம்பேத்கரை நம் சுவரொட்டிகளில் பார்ப்பது அரிது, நாயோடு இருக்கும் அம்பேத்கரை அதைவிட அரிது. அதனால் டோபி என்றே கூப்பிடலாம் என்றது ஒரு பக்கம். ஆனால் தமிழில் அப்படிக் கூப்பிட்டால் சலவைத் தொழிலாளியை ஏளனமாகக் கூப்பிடுவதுபோல் காதில் விழும். புதிரை வண்ணார் குடும்பங்களோடு வேலை செய்துகொண்டு வீட்டு நாயை அந்தப் பெயரில் அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் பாடம் படிக்கும் பிள்ளைகள் 'மிளகு' என்று முடிவு செய்துவிட்டார்கள். காலனி இளைஞர்கள் மட்டும் இன்றைக்கும் 'கருப்பி' என்கிறார்கள். 'பரியேறும் பெருமாள்' வந்த பிறகு நம் தெருக்களில் கறுப்பாகப் பிறக்கும் எந்த நாயும் அந்தப் பெயரிலிருந்து தப்ப முடியாது. அவன் ஆண் என்று சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை.

முதல் மாதம் வீட்டில் எங்கள் ஆட்சி நடக்கவில்லை. விடியற்காலை நான்கரைக்குக் கால் கட்டைவிரலைக் கடித்து எழுப்புவான். வெளியே கூட்டிப்போனால் வேப்பமரத்தடியில் ஒரு சருகோடு கால்மணி நேரம் சண்டை போடுவான். போன வேலையை மறந்துவிட்டு, வீட்டுக்குள் வந்து கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த வேலையை முடிப்பான். செருப்பு என்றால் உயிர். புதுச் செருப்பைத் தொடமாட்டான், வேர்வை ஊறிய பழைய செருப்புத்தான் வேண்டும். கடைகளில் தொங்கும் ரப்பர் எலும்பு ஒன்றை நண்பர் வாங்கி வந்தார். மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் தலைவைத்துத் தூங்கினான், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அவனுக்குப் பிடித்த பொருட்கள் மூன்று: தேங்காய் மட்டை, கிழிந்த லுங்கியில் போட்ட முடிச்சு, நாலைந்து கூழாங்கல் போட்டு மூடிய பிளாஸ்டிக் பாட்டில். பாட்டில் உருண்டு சத்தம் போட்டால் இரண்டடி பின்னால் குதித்து, முன்னங்கால் இரண்டையும் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி வாலை ஆட்டுவான். நாய்களின் மொழியில் 'வா, விளையாடலாம், இது சண்டை இல்லை' என்பதற்கு அதுதான் சைகை. பாட்டிலைப் பார்த்தும் அதையேதான் சொன்னான்.

கடிதான் பெரிய தொல்லை. குட்டிகள் தம் கடியின் வலுவை உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கின்றன. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றொன்று கீச்சென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும், கடித்தது திருதிருவென்று நிற்கும். அண்ணன் தம்பியை இழந்து வந்தவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை நாங்கள்தான் நடத்த வேண்டியிருந்தது. பல் அழுத்தினால் "ஆ" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிடுவோம். அடிக்கவில்லை. அடிக்காமல் எப்படி நாய் படியும் என்று கேட்டவர்கள் நிறைய. அடி வாங்கிப் படிந்தவர்களின் கதை எங்களுக்கு வேண்டிய அளவு தெரியும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். மூன்று வாரத்தில், கையை வாயில் வைத்திருந்தாலும் பல் படாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டான். நான்காவது மாதம் பால் பற்கள் விழத் தொடங்கின. நாய்க்குப் பால் பல் 28, நிலைப்பல் 42. பெரும்பாலானவற்றை விழுங்கிவிடுவான். அரிசி நொய் போலப் பாயில் கிடந்த ஒன்றை மட்டும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்துத் தன் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.

எதிர்வீட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருப்பது டவுனை ஒட்டிய புது மனைப்பிரிவு. வாடகைக்கு வந்த அன்று வீட்டுக்காரர் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு நாங்கள் ஊர் பெயரைச் சொன்னோம். அவர் கேட்டது ஊரை அல்ல என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எதிர்வீட்டம்மா எதுவும் கேட்கவில்லை. மிளகைப் பார்த்ததும் "அடி என் கறுப்புத் தங்கமே" என்று தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் அவர் வாசலில் அவனுக்குப் பால்சோறு. மதியம் அவர் வீட்டுக் கூடத்தில், சாமி அறைக்கு முன்னால் இருக்கும் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துத் தூங்குவான். அந்தத் தரை என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டியதில்லை.

முதல் தடுப்பூசிக்கு டவுனில் உள்ள தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அரசு மாட்டாஸ்பத்திரியில் வெறிநாய்த் தடுப்பூசி இருந்தது. பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டு ஊசி வெளியேதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, ஒரு மடக்கு அட்டையை நிரப்பி நீட்டினார் கம்பவுண்டர். பெயர் மிளகு. நிறம் கறுப்பு. இனம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'பரையா'.

அது கால்நடை மருத்துவத்தில் புழங்கும் சொல்தான். இந்திய நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பரையா நாய்'. எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? நம்மிடமிருந்து. பறையர் என்ற நம் மக்களின் பெயரைக் கப்பலில் வந்தவர்கள் எடுத்துப்போய், ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் ஏற்றி, உலகம் முழுக்கப் புழக்கத்தில் விட்டார்கள். சமூகவியல் படித்தபோது மாக்ஸ் வேபரின் 'பரையா மக்கள்' என்ற கருத்தாக்கத்தை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம். யூதர்களைப் பற்றி ஒரு ஜெர்மானியர் எழுதியதைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் படிக்கும்போது, அந்தச் சொல் பிறந்த தெருவிலிருந்து வந்த மாணவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்குள் அதே பெயரை நாயோடு சேர்த்து வசவாகவும் வீசுகிறார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயரும் ஊர்க்காரன் திட்டும் வசவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல.

மருத்துவரிடம் அட்டையைக் கொடுத்து, இதை அடித்துவிட்டு வேறு எழுதித் தாருங்கள் என்றோம். "அது புத்தகத்துல இருக்கிற பேருங்க. யாரையும் சொல்றதில்ல" என்றார். அது ஒரு சாதியின் பெயர், புத்தகத்தில் இருப்பதால் அது மாறிவிடாது என்றோம். அவர் எங்கள் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டு முடித்துவிட்டார் என்பது புரிந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் கோடு கிழித்து 'லோக்கல்' என்று எழுதினார்.

இதே மருத்துவர்தான் மூன்று வாரம் கழித்து மிளகைப் பிழைக்க வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் பாட்டிலை உருட்டினோம், அவன் எழுந்து வரவில்லை. பால் வைத்தோம், திரும்பிக்கொண்டான். மதியத்துக்குள் மஞ்சளாக நாலு முறை வாந்தி. மாலையில் ரத்தபேதி. பார்வோ பேதிக்கு ஒரு நாற்றம் உண்டு, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. ஒரு ஊசி போட்ட குட்டிக்கு எப்படி வந்தது? தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாது. அது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. வாந்தியிலும் பேதியிலும் போகிற நீரை நரம்பு வழியாகத் திருப்பி ஏற்ற வேண்டும், வாந்தியை நிறுத்த வேண்டும், வேறு தொற்று சேராமல் காக்க வேண்டும். மற்றதைக் குட்டியின் உடம்புதான் செய்ய வேண்டும்.

முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி குத்தி டிரிப்ஸ் போட்டார்கள். நரம்பு நூல் போல இருந்தது, மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. அவன் கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது. முதல் நாள் இரவு பத்தரைவரை மருத்துவர் கிளினிக்கை மூடாமல் உட்கார்ந்திருந்தார். நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை, ஒரு கரண்டி சோறு வடித்த கஞ்சியை நக்கிவிட்டு, எழுந்து நிற்க முடியாமல் நின்று, அட்டைப் பெட்டியின் மூலையைக் கடித்தான். அந்த மருத்துவரும் நாங்களும் சேர்ந்து சிரித்த முதல் தடவை அது.

செலவு 5,400 ரூபாய். 2024 ஏப்ரலில் நூறு நாள் வேலைக்கான கூலி 319 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் கூலி குறையாமல் கைக்கு வந்தாலும் பதினேழு நாள் கூலி அது. நாங்கள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த அதே வாரம், காலனியில் ஆயா வைத்திருந்த மிளகின் தம்பி செத்துப்போனது. முதல் நாள் இரவு பேதி, மறுநாள் மதியம் முடிந்தது. மோரில் மஞ்சள் கலந்து ஊற்றிப் பார்த்திருக்கிறார். "பணம் இருந்தா மட்டும் மாட்டாஸ்பத்திரி தொறந்திருக்குமா, அது காலைலதான" என்றார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். அந்தக் குட்டி படுத்திருந்த கோணியை எரித்துவிட்டு, இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினோம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது, பிளீச்சிங்குக்குச் சாகும். மனிதருக்கு ஒட்டாது. காலனியில் ஒவ்வொரு வருடமும் குட்டிகள் 'ரத்தம் போய்' சாவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு, ஊசி உண்டு என்பது செய்தியாக இருந்தது.

மார்ச் மாதம் மிளகு பழையபடி ஆனான். எதிர்வீட்டம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம், நெற்றியில் விபூதி பூசி அனுப்பினார். ஏப்ரல் 14 வந்தது. வழக்கம்போல வாசலில் பாபாசாகேப் படத்தை வைத்து மாலை போட்டோம். காலனிப் பிள்ளைகள் இருபது பேர் வந்தார்கள், நீலக்கொடி, கேசரி, பாட்டு. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். மறுநாள் காலை மிளகு கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். கேட் சாத்தியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் சாத்தியிருந்தது. ஒரு வாரம் கழித்து, கீழ்க்கம்பிகளின் இடைவெளியில் புதிதாகக் கம்பிவலை கட்டியிருந்தார்கள்.

அவர் எங்களிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கேட்டால் நாய் முடி கொட்டுகிறது, பேரப்பிள்ளைக்கு ஆகவில்லை என்பார். முடி ஜனவரியிலிருந்தே கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

2010ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு தலித் பெண் மீந்த ரொட்டியை ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் நாய்க்குப் போட்டார். நாய் தீட்டாகிவிட்டது என்று உரிமையாளர் அதைத் துரத்தினார். பஞ்சாயத்து அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் விதித்தது. செய்தித்தாள்கள் அதை வேடிக்கைச் செய்தி போல வெளியிட்டன. நம் தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித் வீட்டில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததைக் களப்பணியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சேரியின் ஆண் நாய் ஊரின் பெண் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பவர்கள் அகமண முறைதான் சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதியதைப் படித்துப் பார்க்கலாம். அவர் மனிதர்களைப் பற்றித்தான் எழுதினார். ஊர் அதை நாய்வரைக்கும் நீட்டிவிட்டது. 1927இல் மகாடில் குளத்துத் தண்ணீரை ஆடுமாடு குடிக்கலாம், நாங்கள் குடிக்கக் கூடாதா என்பது கேள்வியாக இருந்தது. மிளகு அந்தக் கூடத்தில் தூங்கிய மூன்று மாதமும் எங்கள் நிலை அதுதான். ஏப்ரல் 14க்குப் பிறகு அவனும் எங்கள் பக்கம் வந்துவிட்டான். அவனுக்கு அது தெரியாது. இன்றும் அந்த அம்மா கோலம் போட வெளியே வந்தால் முன்னங்காலைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறான். அவர் ஒருமுறை கையை நீட்டப்போய், மாடியைப் பார்த்துவிட்டு, கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தோம்.

ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். 1885இல் அதே தேதியில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார். அன்று அரசுக் கால்நடை மருந்தகத்தில் இலவச முகாம் என்று தெரிந்ததும், ஜூன் மாதமே காலனியில் பேசத் தொடங்கினோம். வெறிநோய் வந்தபின் மருந்து இல்லை. உலகில் அந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் சாகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 விழுக்காடு 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நாயோடு குழாயிலும் குப்பை மேட்டிலும் விளையாடும் குழந்தைகள் யார் வீட்டுக் குழந்தைகள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடித்தால் மிளகாய்த் தூள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும், சொன்ன தேதிகளில் மிச்ச ஊசிகளையும் விடாமல் போட வேண்டும். இதைப் பிள்ளைகளை வைத்தே நாடகமாகப் போட்டோம். நாயாக நடித்தவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

முகாமுக்கு இருபத்து மூன்று நாய்கள் போயின. பழைய சேலைக் கிழிசல், கொடிக்கயிறு, ஒரு பள்ளிப் பெல்ட், கிடைத்ததைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகவே நடந்தார்கள், மருந்தகத்துக்கு வேறு வழி இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் மட்டும் "எல்லாம் காலனி நாயா?" என்று கேட்டார். "ஆமாண்ணா, ஊசி போடப் போறோம். உங்க நாயையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் ஜாமெட்ரி பாக்ஸ்காரி.

மருந்தகத்தில் இளம் பெண் மருத்துவர். மேசைமேல் நீளப் பதிவேடு. உரிமையாளர் பெயர், ஊர், நாயின் பெயர், இனம். ஆயாவின் வீட்டுக்கு இப்போது வேறொரு குட்டி வந்திருக்கிறது, செவலை, அதைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வரிசையில் முதல் ஆள். மருத்துவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "என்ன ஜாதிம்மா?" என்றார். ஆயா குட்டியை மேசைமேல் வைத்தார். "நாய்தாம்மா" என்றார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'நாட்டு நாய்' என்று எழுதி, கீழே இருபத்திரண்டு வரிசைக்கும் அதே என்று குறி போட்டுக்கொண்டே வந்தார். மிளகு பதினாறாவது. ஊசி குத்தியதும் கீச்சென்று கத்தினான்.